338 பக்க நூலுக்கு 14 பக்கத்தில் ஒரு பொருளடைவு

தோட்டப் பயிர் கையேடு ஒன்றுக்குப் பொருளடைவு (எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் வரும் அகரவரிசைப் பட்டியல்) தயாரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்து அச்சுக்குப் போய்விட்டது, மின்னூலும் தயார். நூல் 338 பக்கம், அடைவு 14 பக்கம். பக்கத்துக்கு இரண்டு காலம் (நெடுக்கு வரிசை), காலத்துக்கு 46 வரி. தலைச்சொற்கள் 690 வரும், அவற்றின் கீழ்த் துணைத் தலைப்புகள் சுமார் 400, 'காண்க' என்று வேறு சொல்லுக்கு அனுப்பும் வரிகள் 120. இந்த 14 என்ற எண் நானாக வைத்ததில்லை. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம், 22 பாரத்துக்கு 352 பக்கம், நூல் 338-இல் முடிகிறது, மிச்சம் 14. ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரம் போட வேண்டும், அதில் 15 பக்கம் வெள்ளையாகக் கிடக்கும், காசும் போகும். ஆகவே தாள் கணக்குதான் முதலில் வந்தது, மற்றதெல்லாம் அப்புறம்.

தமிழ் நூலுக்கு அடைவு செய்வதில் ஆங்கில வழிகாட்டிகள் தொடாத தொல்லைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எது எங்கே வந்தது, எப்படித் தாண்டினேன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

எல்லோரையும்போல, கணினியே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில்தான் தொடங்கினேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் அகரவரிசை அடைவுக்கு ஒரு சொற்பட்டியல் கோப்பைக் கொடுக்கலாம். வரிக்கு ஒரு சொல்: தேட வேண்டியது, அடைவில் காட்ட வேண்டிய வடிவம், அதற்கு மேல்தலைப்பு இருந்தால் அது, முழுச் சொல்லாக மட்டும் பார்க்க வேண்டுமா என்பது, எல்லாம் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து. வேர்டிலும் இதே வசதி இரண்டு கால அட்டவணையாகக் கிடைக்கிறது. முக்கியமான சொற்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 'முழுச் சொல் மட்டும்' என்று வைத்தால் 'உரம்' என்பதற்கு உரம் என்று அப்படியே நிற்கிற இடம் மட்டும் வருகிறது; உரத்தை, உரத்தோடு, உரங்கள், உரமிடுதல் எதுவும் வராது. சரி, 'உர' என்ற அடியை மட்டும் வைத்து ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்) தேடலாம் என்றால் உருளைக்கிழங்கு வந்து நிற்கிறது, ஏனென்றால் கணினிக்கு 'ரு' என்பது ர என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் உகரக் குறியும்தான், ஆகவே 'உர' என்று தேடினால் 'உரு'வும் அதற்குள் அடக்கம். 'மண்' என்று கொடுத்தால் மண்ணில், மண்ணுக்கு, மண்புழு, மண்டலம் எல்லாம் கலந்து எண்பது தொண்ணூறு பக்க எண்கள் ஒரே வரிசையில் வந்தன. அதைப் பார்த்து வாசகர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. 71-ஆம் பக்கத்தில், மாலையில் இலை நனைய நீர் தெளித்தால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும் என்று ஒரு பத்தி இருக்கிறது. நோய்த் தடுப்பைப் பற்றி அந்த அத்தியாயத்தில் உருப்படியான பத்தி அது ஒன்றுதான். அதில் 'நோய்' என்ற சொல்லும் இல்லை, 'பாசனம்' என்ற சொல்லும் இல்லை. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் அந்தப் பத்தி சிக்காது. பட்டியலை அங்கேயே கிடப்பில் போட்டேன்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றிடமும் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்துப் பார்த்தேன். தலைச்சொற்களைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பக்க எண்களைச் சரிபார்த்தால் பாதி இடத்தில் அந்தப் பொருளே இல்லை. அதை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்: ஒரு பொருளுக்கு வேறு என்னென்ன பெயர் வழங்குகிறது என்று கேட்க. அசுவினிக்குச் செடிப்பேன், மூடாக்குக்கு நிலப்போர்வை, தழைச்சத்துக்கு நைட்ரஜன் என்று அது தந்தவற்றில் நூலாசிரியர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் 'காண்க' வரிகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆகவே காகிதம். ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டாக முழு நூலையும் அச்செடுத்து, ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனா, ஒட்டுத்தாள் கொஞ்சம். பென்சிலால் அடிக்கோடு என்றால் அந்தச் சொல்லே தலைச்சொல். ஓரத்தில் எழுதினால் சொல் அங்கே இல்லை, பொருள் இருக்கிறது. சிவப்பில் செங்குத்துக் கோடு போட்டால் அந்தப் பேச்சு பல பத்திகளுக்குத் தொடர்கிறது, கோடு முடிகிற இடம்தான் முடிவு எண். இந்தச் சிவப்புக் கோடு நல்ல பழக்கம், ஏனென்றால் 112, 113, 114, 115 என்று நான்கு தனி எண்ணாகப் போடுவதற்கும் 112–115 என்று போடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: முதலாவது நான்கு இடத்தில் தொட்டுப் போயிருக்கிறது, இரண்டாவது உட்கார்ந்து பேசியிருக்கிறது. எதைக் குறிப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரே கேள்விதான் வைத்திருந்தேன். இந்தச் சொல்லைத் தேடி ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வந்தால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா? 'மண்புழு, தேனீ போன்ற நன்மை செய்யும் உயிர்கள்' என்று ஒரு வரி ஓடினால் அது தேனீயைப் பற்றிய பக்கம் ஆகாது. விட்டுவிடலாம்.

வேகம் மணிக்கு ஏழெட்டுப் பக்கம். ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றிய அத்தியாயத்தில் அதுவும் பாதியானது, அட்டவணை அட்டவணையாக இருந்ததால். களைத்துப்போன நேரத்தில் குறித்த பக்கங்களை மறுநாள் பார்த்தால் குறிப்புகள் மெலிந்திருப்பது கண்ணாலேயே தெரியும். அதனால் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை.

இங்கே ஒரு முடிவு எடுத்தேன், பிறகு நடந்த எல்லாவற்றையும் காப்பாற்றியது அதுதான். பக்க எண்ணைக் குறிக்கவில்லை. பத்தி எண்ணைக் குறித்தேன். நூலின் மூலக் கோப்பில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எண் போட்டுக் கொடுத்தது: 5.23 என்றால் ஐந்தாம் அத்தியாயத்தில் 23-ஆம் பத்தி. பக்க வடிவமைப்பு வேறொருவர் இன்டிசைனில் செய்துகொண்டிருந்தார். இன்டிசைனிலேயே அடைவுக் குறிகளை உரைக்குள் பதிக்கலாம், உரை நகர்ந்தால் குறியும் கூடவே நகரும், அதுதான் சுத்தமான வழி. ஆனால் அவர் கோப்பில் நான் கைவைக்க முடியாது, அவருக்கு ஆயிரக்கணக்கான குறிகளைப் பதிக்க நேரமில்லை. எதிர்பார்த்ததுபோலவே ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு படம் பெரிதாகி, அதற்குப் பின்னால் இருந்தது எல்லாம் இரண்டு பக்கம் தள்ளிப்போனது. பக்க எண்ணாகக் குறித்திருந்தால் பாதி அடைவைத் திருப்பி எழுதியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறிப்புகளை லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளில் ஏற்றினேன். தலைச்சொல், துணைத் தலைப்பு, தொடக்கப் பத்தி, முடிவுப் பத்தி, படமா அட்டவணையா, காண்க, ஏழாவதாக எனக்கான குறிப்பு. வேலை முடியும்போது 1,900 வரிசை இருந்தது, அதாவது பக்கத்துக்குச் சராசரி ஐந்தரைக் குறிப்பு. ஒரே தலைச்சொல்லைப் பத்து இடத்தில் பத்து விதமாகத் தட்டிவிடுவோம், தவிர்க்க முடியாது. உள்ளிடும்போது ஏற்கெனவே உள்ள சொல்லைத் தானே நிரப்பும் வசதியை அணைக்காமல் வைப்பது நல்லது.

அடுத்தது துப்புரவு வேலை. அட்டவணையை வரிசைப்படுத்தினால் 'கொத்தமல்லி' இரண்டு தனித் தலைச்சொல்லாக நின்றது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாகவும், இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருந்தன. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிக்கோடு தரநிலை இரண்டையும் சமம் என்றே கொள்கிறது, ஆகவே என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி. ஆனால் அதில் சரியாகாத சில இருக்கின்றன. 'நீர்' என்று எழுதும்போது சிலர் ர்-க்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் தட்டுகிறார்கள், 'நீா்' என்று. திரையில் பல எழுத்துருவில் வேறுபாடே தெரியாது. துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுவது அப்படியல்ல. 'கெளதாரி' என்று இருந்ததைக் 'கௌதாரி' ஆக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் ஒரே அடியாக மாற்றினால் 'தெளிப்பு' போயிற்று, 'வெள்ளரி' போயிற்று, 'தெளிப்பான்' போயிற்று. தோட்டப் பயிர் நூலில் இந்தச் சொற்கள் இல்லாத பக்கம் அபூர்வம். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று நிபந்தனை வைத்து, மாறியவற்றை ஒரு முறை கண்ணாலும் பார்த்தேன்.

விட்டுப்போன சொல் ஏதும் உண்டா என்று பார்க்க நூலில் உள்ள எல்லாச் சொற்களுக்கும் ஒரு எண்ணிக்கைப் பட்டியல் எடுக்க நினைத்தேன். வந்தது பட்டியலே இல்லை, 'மண', 'ப', 'ழ' என்று மொட்டை எழுத்துகள். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) தொகுப்பில் சொல்லெழுத்தைக் குறிக்கும் டபிள்யூ குறி தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை; 'மண்புழு' மூன்று துண்டாக உடைவது அதனால்தான். தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் என்ற தொகுப்பில் இந்தத் தொல்லை இல்லை. இதே கதை எஸ்கியூலைட் தரவுத்தளத்திலும் உண்டு. பத்திகளை எல்லாம் அதன் எஃப்டிஎஸ் 5 முழுவுரைத் தேடலில் போட்டு வைத்தால் சரிபார்க்க வசதி என்று போட்டேன். அதன் இயல்பான சொற்பிரிப்பானும் குறிகளில் வெட்டுகிறது. குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகக் கொள் என்று அமைப்பில் சொல்லிவிட வேண்டும். 3.34 பதிப்பிலிருந்து மும்மூன்று எழுத்தாகப் பிரிக்கும் டிரைகிராம் வசதியும் இருக்கிறது, தமிழுக்கு எனக்கு அதுதான் பிடித்தது: 'உரத்' என்று தட்டினால் உரத்தை, உரத்தின், உரத்தோடு எல்லாம் வந்துவிடும். அடைவை இதை வைத்து உருவாக்கவில்லை. கையால் செய்த அடைவை இதை வைத்துச் சோதித்தேன். இந்த வரிசைமுறை முக்கியம்.

அப்புறம் அகரவரிசை. அட்டவணையை வெறுமனே குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் 'கன்று' வந்து 'கரும்பு'க்கு முன்னால் நிற்கும், 'களை' வந்த பிறகு 'கவாத்து' வரும், 'கதிர்' வந்த பிறகு 'கத்தரி' வரும். மூன்றும் தப்பு. யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டு அட்டவணையை ஒட்டியது; அது தேவநாகரிக்கு இணையாக எழுத்துகளை அடுக்கியதால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, வ-வுக்கு முன்னால் ள, ழ. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் கடைசியில் இருக்கிறது, அதனால் நம் அகராதிகளில் முதலில் வர வேண்டிய மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். ஆய்தம் அகரத்துக்கும் முன்னால். ஐசியு என்ற நிரல் தொகுப்பில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டு வரிசைப்படுத்தினால் இவை எல்லாம் மரபுப்படி வந்துவிடும், கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பிறகு கடைசியில். பைத்தான் வழியாக அதை அழைத்தேன்.

இன்னொன்றையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இடைவெளியைக் கணக்கில் எடுப்பதா? எடுத்தால் 'மண் அரிப்பு', 'மண் பரிசோதனை', 'மண் வளம்' எல்லாம் ஒரு கூட்டமாகவும் 'மண்புழு' தனியாகவும் வரும். ஆங்கில அடைவுகளில் இரண்டு முறையும் வழக்கில் உண்டு. தமிழில் ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் பிரித்து எழுதுகிறார், ஒரே ஆளே காலையில் ஒரு விதம் மாலையில் ஒரு விதம் எழுதுகிறார். ஆகவே இடைவெளியே இல்லை என்று வைத்து எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தினேன். 'மண்வளம்' என்று தேடினாலும் 'மண் வளம்' என்று தேடினாலும் கண் ஒரே இடத்துக்குப் போகும்.

உரத்தைப் பற்றிய தலைச்சொற்களில் வேறொரு சிக்கல். ஆங்கிலப் பாணியில் 'உரம், அடி' என்று திருப்பிப் போட்டால் படிக்கவே கூசுகிறது. தமிழில் அடைமொழி முன்னால்தான் வரும். 'அடியுரம்' என்று அ-விலும் போட்டேன், 'உரம்' என்பதன் கீழே துணைத் தலைப்பாகவும் போட்டேன், இரண்டிலும் பக்க எண்ணோடு. ஓரிரு எண்களே உள்ள இடத்தில் 'காண்க' போட்டு வாசகரை அலைக்கழிப்பதைவிட எண்ணையே இரண்டு இடத்திலும் அச்சிடுவது நல்லது, இடமும் கூடுதலாகப் பிடிக்காது. 'காண்க உரம்' என்பதும் ஒரு வரிதான், '88, 140' என்பதும் ஒரு வரிதான்.

ஒரு தலைச்சொல்லுக்கு ஆறேழு எண்ணுக்கு மேல் போனால் பிரி என்பது அடைவு செய்கிறவர்களின் பழைய வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டேன். 'மண்புழு' எட்டு எண்களோடு இருந்தது. உணவு, எண்ணிக்கை குறைதல், கழிவைச் செரித்தல், தொட்டி என்று நான்காகப் பிரிந்த பிறகுதான் அது பயன்படும் பதிவு ஆனது. 'காண்க' வரிகளைச் சோதிக்கத் தனி ஸ்கிரிப்ட்: அனுப்பும் சொல் உண்மையிலேயே அடைவில் இருக்கிறதா, அங்கே போனால் எண் இருக்கிறதா, அல்லது அதுவும் வேறு எங்காவது அனுப்புகிறதா? 'நிலப்போர்வை, காண்க மூடாக்கு', 'மூடாக்கு, காண்க நிலப்போர்வை' என்று ஒரு சுற்று அதில் மாட்டியது.

இவ்வளவுக்குப் பிறகு முதல் முழு வடிவம் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. நூலைப் படிக்காத, ஆனால் மாடியில் செடி வளர்க்கிற ஒருவரிடம் அடைவை மட்டும் கொடுத்து, உங்கள் செடியில் என்ன தொல்லையோ அதை இதில் தேடிப் பாருங்கள் என்றேன். அவருடைய மிளகாய்ச் செடியில் இலை சுருண்டுகொண்டிருந்தது. 'இலை' என்று தேடினார். 'இலைப்பேன்' இருந்தது, அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. 'சுருட்டை' என்று தேடினார், இல்லை. 'மிளகாய்' என்று தேடினார். பதினோரு எண்கள், விதைப்பு முதல் அறுவடை வரை. மூடிவிட்டார். நூலிலோ 203-ஆம் பக்கத்தில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

நூல் காரணத்தின்படி அடுக்கப்பட்டிருக்கிறது, பூச்சி, நோய், சத்துக் குறைபாடு என்று. தேடுகிறவர் கையில் இருப்பது அறிகுறி மட்டும். காரணம் தெரிந்திருந்தால் அவர் தேடவே மாட்டார். என் அடைவும் நூலாசிரியரின் சொற்களையே திருப்பி அடுக்கியிருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு செய்ததுதான் இந்த அடைவில் உண்மையில் வேலை என்று சொல்லத்தக்கது. நோய், பூச்சி, சத்து அத்தியாயங்களை மட்டும் இன்னொரு முறை படித்து, ஒவ்வொரு பத்திக்கும் செடி வளர்ப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்ற ஒன்றை மட்டும் குறித்தேன். 'இலை' என்ற தலைச்சொல்லின் கீழ் இப்போது ஓரம் கருகுதல், சுருளுதல் மேல்நோக்கி, சுருளுதல் கீழ்நோக்கி, பிசுபிசுப்பு, புள்ளி, மஞ்சளாதல் அடியிலை, மஞ்சளாதல் நரம்பு மட்டும் பச்சை, வெள்ளைப் பொடி என்று வரிசையாக இருக்கிறது. ஓரம் கருகினால் சாம்பல்சத்துப் பக்கம், அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துப் பக்கம், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துப் பக்கம். காய், தண்டு, வேர், பூ உதிர்தல் என்று இதேபோல இன்னும் சில. மொத்தம் 60 வரி போல. நூலில் எந்த இடத்திலும் இந்தச் சொற்கள் இந்த வடிவத்தில் இல்லை, எந்தச் சொற்பட்டியலும் இவற்றைப் பிடித்திருக்காது. அதே ஆளிடம் மறுபடி கொடுத்தேன், வேறு தொல்லையோடு. பூ உதிர்கிறது என்றார், உடனே பக்கத்தைச் சொல்லிவிட்டார்.

பக்க எண் போடும் கட்டம். வடிவமைப்பாளர் இறுதிப் பிடிஎஃப் கொடுத்தார். ஒவ்வொரு பத்தியும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிடிஎஃபிலிருந்து உரையைப் பிரித்தெடுத்தால் தமிழ் சிதைந்து வருகிறது, கொம்பு எழுத்துக்கு முன்னால் போய்விடுகிறது, 'ொ' இரண்டாக உடைந்து எழுத்தின் இருபுறமும் நிற்கிறது, சில உகரங்கள் காணாமலே போய்விடுகின்றன. இதைச் சரிசெய்ய முயன்று கொஞ்ச நேரம் வீணானது. அப்புறம் தோன்றியது: சரிசெய்வது எதற்கு? இரண்டு பக்கத்திலும் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் இடைவெளிகளையும் மொத்தமாக நீக்கிவிட்டு மொட்டை எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். 'கொடியை' இரண்டிலும் 'கடய' ஆகிவிடும். பத்தியின் முதல் 30 மொட்டை எழுத்துகளை எடுத்து, பக்கம் பக்கமாகத் தேடி, 80 விழுக்காடு ஒத்துப்போனால் அதுதான் பக்கம் என்று வைத்தேன். பத்தியின் கடைசி 30 எழுத்துக்கும் இதையே செய்தேன். இரண்டும் வேறு வேறு பக்கம் என்றால் பத்தி பக்கம் தாண்டுகிறது, அப்படிப்பட்ட வரிசைக்கு மட்டும் மஞ்சள் நிறம் போட்டு எந்தப் பாதியில் பொருள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். சிக்காமல் போனவை 60 போல, பெரும்பாலும் படவிளக்கங்களும் ஒற்றை வரிப் பத்திகளும். அவற்றைக் கையால் நிரப்பினேன்.

வந்தது 17 பக்கம். கிடைப்பது 14. எழுத்தளவைக் குறைப்பதுதான் முதலில் தோன்றும். 8 பாயின்ட் அளவில் ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்தேன், மெய்யெழுத்துகளின் புள்ளி பல இடங்களில் மங்கி, 'கத்தரி' எது 'கததரி' எது என்று தெரியவில்லை. 8.5-க்குக் கீழே போகக் கூடாது என்று முடிவானது. ஆகவே வெட்டுதான். ஒரே ஒரு எண்ணும் அதே எண்ணைத் தாய்த் தலைச்சொல்லும் வைத்திருக்கிற துணைத் தலைப்புகள் முதலில் போயின. 'பயிர்', 'விவசாயம்' என்று நூல் முழுக்கப் பரவிய பொதுச் சொற்கள் போயின. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த ரகப் பெயர்கள் ஒரு வரிக்குள் ஒடுங்கின. அறிகுறி வரிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. படம் உள்ள பக்கத்தைச் சாய்வெழுத்தில் போடலாம் என்றார் வடிவமைப்பாளர். தமிழில் சாய்வெழுத்து எனக்குப் பிடிப்பதில்லை, எண்ணில் அது கண்ணுக்கும் தெரிவதில்லை. எண்ணுக்குப் பின்னால் 'ப' போட்டால் படம், 'அ' போட்டால் அட்டவணை: 143ப, 210அ. அடைவின் தலையில் இரண்டு வரியில் விளக்கம். ஒரு தலைச்சொல் வலப்பக்கத்தின் கடைசியில் உடைந்து தாளைத் திருப்பினால் தொடருமானால், அங்கே தலைச்சொல்லை மறுபடி எழுதித் 'தொடர்ச்சி' என்று சேர்த்தோம். இடப்பக்கத்தில் உடைந்தால் சேர்க்கவில்லை, கண் எதிரிலேயே இருக்கிறது.

மின்னூலுக்கு இந்த எண்களால் பயனில்லை. ஈபப் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறிவிடும். பத்தி எண்கள் இருந்ததால் வேலை எளிது: ஒவ்வொரு பத்திக்கும் ஏற்கெனவே உள்ள எண்ணையே அடையாளமாகக் கொடுத்து, அடைவில் 5.23 என்று காட்டி, தொட்டால் அந்தப் பத்தியிலேயே போய் நிற்குமாறு இணைத்தேன். அச்சில் உள்ளதைவிட இது துல்லியம், பக்கத்தில் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பிடிஎஃப் பதிப்பில் அச்சுப் பக்க எண்ணையே இணைப்பாக்கினேன். முன்னட்டை ஒரு பக்கமாகச் சேர்ந்ததால் இணைப்பு எல்லாம் ஒன்று தள்ளிப் போய் நின்றது, ஒன்றைக் கூட்டினால் சரி. முன்னட்டை சேர்ந்த எந்தப் பிடிஎஃபிலும் இது வரலாம், முதல், நடு, கடைசி என்று மூன்று இணைப்பைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கன்ட்ரோல் எஃப் இருக்கும்போது மின்னூலுக்கு எதற்கு அடைவு என்று நூலாசிரியரே கேட்டார். அவருடைய பிடிஎஃபில் 'கொடி' என்று தேடிக் காட்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஈபபில் தேடினால் கிடைக்கும்தான், கொடியேற்றம் உட்பட.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை சில. அந்தச் செடி வளர்ப்பவரிடம் வரைவு முடிந்த பிறகு போகாமல், இரண்டு அத்தியாயம் குறித்த உடனேயே போவேன். அறிகுறி வாசிப்புக்கென்று மூன்று அத்தியாயங்களை மறுபடி படித்த நேரம் மிச்சமாகும். மாற்றுப் பெயர்களின் பட்டியலை நூலாசிரியரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவேன். வடிவமைப்பாளரிடம் பத்தி எண்ணை அச்சில் தெரியாத குறியாக உரையிலேயே விட்டுவைக்கச் சொல்வேன், மொட்டை எழுத்து வித்தை தேவைப்படாது. துப்புரவு ஸ்கிரிப்டைக் குறிப்புகளுக்கு மட்டும் ஓட்டாமல், வடிவமைப்புக்குப் போகும் முன் நூல் முழுதுக்கும் ஓட்டுவேன். 'நீா்' என்று இருக்கும் இடங்கள் மின்னூலில் இன்னமும் தேடலுக்குச் சிக்காமல் இருக்கின்றன, இரண்டாம் பதிப்பில்தான் மாற்ற முடியும். அதற்குக் கால்க் கோப்பு, பத்தி எண் போட்ட மூலம், ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. புது பிடிஎஃப் வந்தால் பக்க எண் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டி, மஞ்சள் வரிசைகளை மறுபடி பார்த்தால் போதும்.